தோற்றம் மாறலாம், எழுத்து மாறலாமா?

கணினித் திரையில் நாம் காணும் பொத்தான், பட்டி, உரையாடல் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக வரைவதில்லை. ஜிடிகே, க்யூட்டி, ஜாவா ஸ்விங் போன்ற கருவித்தொகுதிகள் அவற்றை ஆயத்தமாகத் தருகின்றன. அவற்றின் மேல் 'தீம்' என்ற ஒரு தோற்றத்தைப் போர்த்திக்கொள்ளலாம். நிறம், ஓரக்கோடு, நிழல் எல்லாம் ஒரே சொடுக்கில் மாறும். நல்ல வசதிதான். ஆனால் எழுத்துருவையும் நிறத்தோடு நிறமாக இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களே, அதைத்தான் நான் குறை சொல்கிறேன். சுவருக்கு வண்ணம் பூச வந்தவர் வாசற்படியின் உயரத்தையும் குறைத்துவிட்டுப் போனால் ஒப்புக்கொள்வோமா?

பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அது வழக்கத்துக்கு வரும்வரை டிஸ்கி, 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் போன்ற எட்டு பிட் முறைகளில்தான் நாம் எழுதினோம். கோப்பில் இருந்தது வெறும் எண். அதைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. தீம் மாறி எழுத்துருவும் மாறிவிட்டால் தமிழ் வரிகள் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலாகிவிடும். ஒருமொழி எழுத்துருவைத் திரை முழுவதற்கும் போட்டாலோ, ஆங்கிலப் பட்டிகள் தமிழ்க் கிறுக்கலாகும். அலங்காரம் என்று நினைத்துத் தொட்டது பொருளையே அழித்தது.

ஒருங்குறி அந்த ஆபத்தை நீக்கியது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அழிவு நின்றது, அலட்சியம் மட்டும் நிற்கவில்லை.

இன்று நடப்பது இதுதான். தீம் எழுதுபவர் தமக்குப் பிடித்த ஓர் எழுத்துருவின் பெயரைக் குறிக்கிறார். பெரும்பாலும் அதில் தமிழே இருக்காது. லினக்ஸில் ஃபான்ட்கான்ஃபிக் தமிழ் உள்ள வேறோர் எழுத்துருவைத் தேடித் தருகிறது. 2002-இல் வந்த ஜிடிகே 2 முதல் பேங்கோ வரியை அமைக்கிறது. எழுத்துகளுக்கு உருக் கொடுப்பது இப்போது ஹார்ஃப்பஸ். 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்பட்ட ஒரே உயிர்க்குறி, திரையில் அதன் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும் அல்லவா? அதைப் பார்த்துக்கொள்வது இந்த அடுக்குதான். இதைச் செய்தவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும்.

"தமிழ் தெரியுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். தெரிகிறது, முழுதாகத் தெரிகிறதா? பொத்தானின் உயரம் ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்தது. வேறோர் எழுத்துரு அங்கே வந்து உட்காரும்போது மேலே புள்ளியும் கீழே சுழியும் வெட்டுப்படுகின்றன. புள்ளி போனால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். மேல்வளைவு அறுந்தால் 'கி', 'கீ' வேற்றுமை மறையும். அகலத்தையும் கட்டிப்போட்டிருந்தால் 'அமைப்புகள்' என்ற சொல் 'அமைப்...' என்று பாதியில் நிற்கும்.

கருவித்தொகுதிகள் இதை எப்படிக் கையாள்கின்றன? ஸ்விங்கில் ஒரு நல்ல எண்ணம் உண்டு. தீம் கொடுத்த எழுத்துரு எது, நிரலாளர் தாமே வைத்தது எது என்று அது பிரித்தறியும். தீம் மாறும்போது முதல்வகை மட்டுமே மாறும். க்யூட்டியில் நிரலாளர் வைத்த எழுத்துருவோடு ஸ்டைல் ஷீட் முரண்பட்டால் ஸ்டைல் ஷீட்டே வெல்லும். ஜிடிகேயிலும் தீம் கோப்பிலேயே எழுத்துருவைக் குறிப்பிட இடம் வைத்திருக்கிறார்கள். ஆக, போட்டி நிரலாளருக்கும் தீம் எழுதுபவருக்கும் இடையேதான். படிக்கிற மனிதரை யார் கேட்டார்கள்? இறுதிச் சொல் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இது தமிழுக்கு மட்டும் வந்த தொல்லையன்று. நம் பெங்களூருவில் கன்னட கணக பரிஷத்து உருவாக்கிய 'நுடி'யும் தனிக் குறியாக்க எழுத்துருக்களில் தொடங்கி ஒருங்குறிக்கு வந்ததுதான். கன்னடத்தில் ஒத்தெழுத்து அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். தமிழ் அகலம் கேட்கிறது, கன்னடம் ஆழம் கேட்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முதலில் எழுத்தை அளந்து, அதற்கேற்பப் பெட்டியை வரைவது.

நாம் பழகிய கண்ணால் வெட்டுப்பட்ட எழுத்தையும் ஊகித்துப் படித்துவிடுவோம். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படித்து, தமிழை வீட்டில் மட்டும் எழுத்துக்கூட்டும் நம் பிள்ளைக்கு அந்த ஊகம் வராது. இரண்டு முறை தடுமாறிவிட்டு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடும். குற்றம் பிள்ளையுடையதா, பொத்தானுடையதா?

இந்த ஊரில் மென்பொருள் துறையில் இருக்கும் தமிழர் குறைவில்லை. அவர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் கையில் வரும் திரையை வெளியே அனுப்புமுன் தீமை மாற்றிப் பாருங்கள், எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், 'பல்', 'கீ', 'ஸ்ரீ', 'அமைப்புகள்' என்ற நான்கையும் பொத்தானில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான்கில் ஒன்று வெட்டுப்பட்டாலும் அதைப் பிழை என்றே பதிவு செய்யுங்கள். அழகுக் குறை என்று தள்ளிவிடாதீர்கள்.