ஒரு சுவர், இரு ஓவியங்கள்: ஹுவானா அலீசியாவின் சுவரோவியங்களில் தாய்மையும் சமூக நீதியும்

சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் பகுதியில், 24ஆம் தெருவும் யார்க் தெருவும் சந்திக்கும் இடத்திலுள்ள ஒரு சுவர், வெவ்வேறு காலங்களில் இரு சுவரோவியங்களைத் தாங்கியுள்ளது. இரண்டையும் வரைந்தவர் ஹுவானா அலீசியா என்னும் சிகானா ஓவியர். அமெரிக்காவில் வாழும் மெக்சிக்க மரபினரான பெண்கள் அரசியல் உணர்வோடு ஏற்றுக்கொண்ட அடையாளப் பெயரே 'சிகானா' என்பது. குழந்தைக்கு நேரும் தீங்கிற்கு யார் பொறுப்பு என்னும் ஒரே வினாவை இவ்விரு ஓவியங்களும் எழுப்புகின்றன.

1983இல் வரையப்பட்ட 'லாஸ் லெச்சுகேராஸ்', லெட்யூஸ் கீரை அறுக்கும் பெண் தொழிலாளர்களைப் பற்றியது. சலினாஸ் வயல்களில் தாமே அவ்வேலையைச் செய்தவர் ஓவியர். பூச்சிக்கொல்லி நஞ்சு சூழ உழைக்கும் பெண்களுள் ஒருத்தி கருவுற்றவள். அவள் வயிற்றிலுள்ள சிசு புலப்படுமாறு தீட்டப்பட்டுள்ளது. உணவை விளைவிக்கும் உடலே நஞ்சை ஏற்கும் உடலாகவும் இருக்கும் முரணை இக்காட்சி உணர்த்துகிறது.

நீர்க்கசிவால் அவ்வோவியம் சிதைந்தபின், அதே சுவரில் 2004இல் 'லா யோரோனாவின் புனித நீர்' வரையப்பட்டது. மெக்சிக்க வாய்மொழி மரபில் லா யோரோனா, தன் பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு நீர்க்கரைகளில் அழுது திரியும் பெண். பழி முழுவதையும் தாயின்மீது சுமத்தும் கதை அது. ஓவியர் அவ்வழுகையைப் போராட்டக் குரலாக மாற்றுகிறார். தண்ணீர் தனியார்மயத்தை எதிர்த்த பொலிவியாவின் கோச்சபாம்பா மக்கள், நர்மதை அணைத் திட்டத்தால் நிலமிழக்கும் இந்திய உழவர்கள், சியுதாத் ஹுவாரெசில் கொல்லப்பட்ட பெண்களுக்காகக் கறுப்புடையில் நீதி கேட்கும் பெண்கள் ஆகியோர் நீல வண்ணம் மேலோங்கிய ஒரே பரப்பில் இணைகின்றனர். பிள்ளைகளைப் பறித்தவள் தாயல்லள், நீரையும் உழைப்பையும் கைப்பற்றிய அதிகாரமே என்பது இவ்விணைப்பால் பெறப்படும் பொருள்.

எனினும், இவ்விணைப்பு ஒரு சிக்கலையும் உடன்கொண்டது. நர்மதை உழவரின் இடப்பெயர்வும் ஹுவாரெஸ் பெண்களின் கொலையும் காரணத்தால் வேறானவை. ஒரே நீலம் அவ்வேறுபாடுகளை மங்கச் செய்கிறது. மேலும், பெண்ணின் துயரைத் தாய்மை வழியாகவே காணும் பார்வை, தாயல்லாத பெண்ணின் உரிமையைப் பின்தள்ளவும் கூடும். முதல் ஓவியத்தில் இவ்வரம்பு தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவதிலோ உடைமை, உயிர், நீர் ஆகியவற்றுக்கான கோரிக்கைகளுடன் பெண்கள் திரள்வதால் அவ்வரம்பு ஓரளவு தளர்கிறது.

முதல் ஓவியம் தீங்கிற்கு உள்ளான பெண்ணைக் காட்டியது. இரண்டாவது, தீங்கிழைத்தோரை நோக்கி விரல் நீட்டும் பெண்ணைக் காட்டுகிறது. பெண்ணைக் குற்றவாளியாக்கிய ஒரு தொன்மத்தை அவளுக்கான சான்றாக மாற்றியதே ஹுவானா அலீசியாவின் முதன்மைப் பங்களிப்பு எனலாம்.