உலக உருண்டையில் ஒளிந்த அளவு
மலைகளைப் புடைப்பாகக் காட்டும் உலக உருண்டைகளைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். எங்கள் கல்லூரியில் உள்ள ஒன்றை அளந்தேன். விட்டம் 30 செ.மீ.; அதாவது 1 செ.மீ.க்குச் சுமார் 425 கி.மீ. இமயமலையோ 4 மி.மீ. எழும்பி நிற்கிறது. கணக்கிட்டால் 170 கி.மீ. உயரம்! எவரெஸ்ட் சிகரத்தின் 8,849 மீட்டருக்கு 0.2 மி.மீ. போதும், இரண்டு தாள்களின் கனம்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். பூமியின் துருவ விட்டம், நடுக்கோட்டு விட்டத்தைவிட 43 கி.மீ. குறைவு. இவ்வுருண்டையில் அது 1 மி.மீ., எவரெஸ்டைப் போல் ஐந்து மடங்கு. அதைக் காட்டவேயில்லை!

புடைப்பே கூடாது என்பதல்ல என் வாதம். கண்பார்வையற்ற மாணவர்கள் மலைத்தொடரை விரலால் அறிய அது உதவும். ஆனால், 'ஒன்றுக்கு நாலேகால் கோடி' என்று அளவுத்திட்டத்தை அச்சிட்டவர்கள், உயரத்தை மட்டும் ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கியதை ஏன் அச்சிடவில்லை?