ஹிப்பியும் போரும்

கல்முனைப் பகுதியில் தலைமயிரைச் சற்று நீளமாக வளர்த்த இளைஞனை மூத்தோர் இன்றும் 'ஹிப்பி' என்று ஏசுவதுண்டு. பாடசாலைகளிலும் இச்சொல் வழங்குகிறது. காலைக் கூட்டத்தில் வரிசைக்கு வெளியே நிறுத்தப்படும் மாணவனுக்கு அதன் பொருள் தெரியாது. நிறுத்தும் ஆசிரியரும் அதனை ஆராய்ந்து கூறுவதில்லை. அவ்வாறு ஏசிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ஹிப்பி என்றதும் கஞ்சா, சோம்பல், ஒழுக்கக்கேடு என்ற மூன்றும் நம் மனத்தில் உடனே எழுகின்றன. இச்சித்திரம் எங்கிருந்து வந்தது? எழுபதுகளில் அலைச்சறுக்கு விளையாட அறுகம்பைக்கு வந்த வெள்ளைக்கார இளைஞரைப் பொத்துவில் மக்கள் நேரிற் கண்டனர். ஏனையோர்க்கு ஹிப்பியை அறிமுகஞ் செய்ததில் இந்தியச் சினிமாவுக்குப் பெரும் பங்குண்டு. அச்சினிமா எதனைக் காட்டியது, எதனைக் காட்டாது விட்டது என்று ஆராய்வது பயனுடையது.

தேவ் ஆனந்த் எழுதி, இயக்கி, நடித்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' 1971ஆம் ஆண்டுப் படம். கனடாவின் மொன்றியல் நகரில் வாழும் இந்தியத் தம்பதியர் பிணங்கிப் பிரிகின்றனர். மகன் தாயோடு இந்தியா திரும்புகிறான். மகள் தந்தையோடு தங்குகிறாள். தாய் இறந்துவிட்டாள் என்று அச்சிறுமிக்குப் பொய் சொல்லப்படுகிறது. வளர்ந்தபின், ஜஸ்பீர் என்ற அப்பெண் ஜனிஸ் என்னும் பெயரோடு, ஹிப்பிகளுடன் காத்மண்டுவில் வாழ்கிறாள். அண்ணன் அவளைத் தேடி வருகிறான். ஈற்றில், தான் இருக்கும் நிலையை அண்ணன் கண்டுவிட்டானே என்ற வெட்கம் தாளாது, அவள் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

இப்படத்தின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஜனிஸாக நடித்த ஸீனத் அமான், குற்றவாளியை அன்றி அன்புக்கு ஏங்கும் ஒரு குழந்தையையே நம் முன் நிறுத்துகிறார். ஆர். டி. பர்மனின் இசையும் படத்துக்கு உயிரூட்டியது. எனினும் இங்கே ஒரு முரண்பாடு உண்டு. ஹிப்பிகளைக் கண்டித்து, இறைவன் பெயரைக் களங்கப்படுத்தாதீர் என்று தேவ் ஆனந்த் புத்தி கூறும் பாடல் ஒன்று படத்தில் இருக்கிறது. புகைக்குழலைக் கைமாற்றியவாறு ஹிப்பிகள் ஆடும், ஆஷா போஸ்லே பாடிய பாடலும் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளின் பின்னரும் மக்கள் வாயில் நிலைத்திருப்பது இரண்டாவது பாடலே. கண்டிக்க எடுக்கப்பட்ட படம், கண்டிக்கப்பட்டதற்கே விளம்பரமாயிற்று. உள்ளடக்கம் போதிய ஆழம் பெறாதவிடத்து, உருவத்தின் கவர்ச்சி அதனை விழுங்கிவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

உள்ளடக்கத்தின் ஆழமின்மை யாது? ஹிப்பி ஏன் வீட்டை விட்டு வெளியேறினான் என்ற வினாவுக்குத் தேவ் ஆனந்த் தரும் விடை ஒன்றே: பெற்றோர் பிரிந்தனர். ஜனிஸ் ஒருத்தியின் கதைக்கு இவ்விடை போதும். அவளைச் சூழ்ந்து நிற்கும் அத்தனை வெள்ளைக்கார இளைஞருக்கும் இது போதுமா? 1964 முதல் 1973 வரை வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞரைக் கட்டாயத்தின்பேரில் படையிற் சேர்த்தது. கல்லூரியிற் படித்தவர்க்கு நீண்டகாலம் விலக்குக் கிடைத்தது. உழவன் மகனும் தொழிலாளி மகனும் கறுப்பின ஏழையும் அழைப்புக் கடிதம் பெற்றனர். அக்கடிதத்துக்கு அஞ்சியும் அப்போரை வெறுத்தும் எல்லை கடந்த பல்லாயிரவர்க்குப் புகலிடம் அளித்த நாடு கனடாவே. மொன்றியலும் அவர்கள் வந்து சேர்ந்த நகரங்களுள் ஒன்று. படம் தொடங்கும் நகரும் அதுதான்! ஆயினும் படத்தின் மொன்றியலில் ஒரு வீட்டுச் சண்டை மட்டுமே நிகழ்கிறது. உலகத்துச் சண்டை அந்நகரின் வாசலுக்கு வந்து நின்றதைத் திரை காணவில்லை.

1971 எத்தகைய ஆண்டு என்பதையும் நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் வியட்நாமிலிருந்து மீண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் தம் பதக்கங்களை வாஷிங்டன் நாடாளுமன்றப் படிக்கட்டில் வீசி எறிந்தனர். அதே மாதத்தில் நமது நாட்டின் தென்பகுதியில் படித்தும் தொழிலற்றிருந்த இளைஞர் கிளர்ந்தெழுந்தனர், ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். மார்ச்சு முதல் டிசம்பர் வரை வங்காளம் இரத்தத்தில் தோய்ந்தது. இளைஞர் வாழ்வைப் போரும் அரசும் இவ்வாறு புரட்டிய ஓராண்டில், இளைஞரின் சீரழிவுக்குக் குடும்பத்தை மட்டும் பொறுப்பாளியாக்கியது இப்படம்.

காத்மண்டுவுக்கு வந்தோர் யாவரும் போருக்குத் தப்பியவரல்லர். ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக இன்பந் தேடி வந்தவரும் பலர் என்று சிலர் கூறலாம். அது உண்மை. போதைப்பொருள் உயிரைக் கொல்லும் என்பதும் உண்மை. ஆனால் நோயைக் காட்டி நோயாளியை ஏசுவதோடு கலைஞனின் கடமை முடிந்துவிடுமா? காரணத்தை நீக்கிவிட்டுக் காரியத்தைச் சித்திரிப்பது யதார்த்தம் ஆகாது. அது உபதேசம் மட்டுமே.

இவ்விடத்தில் 'ஹெயர்' என்னும் அமெரிக்கப் படத்தை ஒப்புநோக்கலாம். 1967இல் நியூயோர்க் மேடையேறிய இசை நாடகத்தை, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து குடிபெயர்ந்த மிலோஸ் ஃபோர்மன் 1979இல் திரைக்குக் கொணர்ந்தார். ஃபோர்மனின் பெற்றோர் நாஜிகளின் வதைமுகாம்களில் மாண்டவர்கள். குளோட் என்னும் கிராமத்து இளைஞன் ஒக்லஹோமாவிலிருந்து, படையிற் சேர நியூயோர்க் வருகிறான். அங்கே பேர்கர் என்னும் ஹிப்பியும் அவன் தோழரும் அவனுக்கு நண்பராகின்றனர். எனினும் குளோட் படைக்கே செல்கிறான். பின்னர் அவன் காதலியைச் சந்திக்க உதவும் பொருட்டு, பேர்கர் தன் நீண்ட முடியை வெட்டி, சீருடை அணிந்து, முகாமில் அவனிடத்தில் நிற்கிறான். அந்த வேளையிற் பார்த்துப் படைப்பிரிவுக்குப் புறப்பாட்டுக் கட்டளை வருகிறது. பாடிக்கொண்டே வரிசையாக நடக்கும் சிப்பாய்கள் விமானத்தின் இருண்ட வயிற்றுக்குள் மறைகின்றனர். பேர்கர் திரும்பவில்லை.

முடி ஏன் இத்துணைப் பெரிய விடயமாயிற்று என்பது இக்காட்சியில்தான் எனக்கு விளங்கியது. முகாம் முதலில் வெட்டுவது முடியை. முடி போனபின் ஒருவனுக்கும் மற்றவனுக்கும் வேற்றுமை இல்லை. ஒருவன் இடத்தில் இன்னொருவன் சாகலாம். தேவ் ஆனந்தின் படத்தில் முடி வெறும் வேடம். ஃபோர்மனின் படத்தில் அது ஒரு மறுப்பு.

ஹிப்பிகளை ஃபோர்மன் வழிபடவுமில்லை. ஹட் என்னும் கறுப்பின ஹிப்பி, தன்னை மணக்க இருந்தவளையும் தன் குழந்தையையும் கைவிட்டு வந்தவன். தெருவில் அவனைக் கண்டுபிடித்த அப்பெண், முகந்தெரியாத மக்களுக்காக உருகும் ஒருவனால் பக்கத்தில் நிற்பவளிடம் எவ்வாறு கொடியவனாக இருக்க முடிகிறது என்று பாட்டிலே கேட்கிறாள். படத்தின் மிக உயர்ந்த கணம் இதுவே. அன்பை உலகெங்கும் பறைசாற்றிய இயக்கத்தின் சுமையைச் சுமந்தவள் பெண் என்ற உண்மை அங்கே வெளிப்படுகிறது.

குறைகளும் உள. நாடகத்தை எழுதிய ராடோ, ராக்னி இருவரும் ஹிப்பிகளைச் சமாதான இயக்கத்தினின்றும் பிரித்துவிட்டதாகப் படத்தின்மீது அதிருப்தி கொண்டனர். இக்குற்றச்சாட்டிற் பொருள் உண்டு. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின் போரைக் கண்டிப்பது எளிது என்பதும் உண்மை. அனைத்தினும் மேலாக, அமெரிக்கர் 58,000 பேர் மாண்ட அப்போரில் இலட்சம் இலட்சமாக மாண்டவர் வியட்நாமியரே. குண்டு விழுந்த கிராமத்தின் கதை இப்படத்தில் இல்லை. எனினும் இளைஞனின் கோலத்துக்குப் பின்னால் அரசின் அழைப்புக் கடிதம் இருக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. அவ்வளவில் அது நேர்மையான கலை.

இனி நம்மிடம் வருவோம். 1983 முதல் 2009 வரை இத்தீவிற் போர் நடந்தது. நமது அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் எனப் பிள்ளைகள் இயக்கத்துக்குப் பிடிக்கப்பட்டனர். முஸ்லிம் ஊர்களில் மீசை அரும்பாத இளைஞர் ஊர்காவற் படையிற் சேர்ந்து இரவெல்லாம் துவக்கோடு விழித்திருந்தனர். இரு பக்கமும் சென்றவர் பெரும்பாலும் மீனவர், நெசவாளர், கூலி விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகளே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வெளிநாடு சேர்ந்தான்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகளே இன்று என் வகுப்பில் இருக்கின்றனர். போதைப்பொருள் ஒழிப்பு நாடகங்கள் நம் பாடசாலை மேடைகளில் நடிக்கப்படுகின்றன. அவற்றின் கதை எப்போதும் ஒன்றே. கெட்ட கூட்டாளி வருகிறான், மகன் கெடுகிறான், உம்மா அழுகிறாள், வாப்பா தலையில் அடித்துக்கொள்கிறார், மகன் சாகிறான். இத்தகைய நாடகம் ஒன்றை நானே எழுதிப் பரிசும் பெற்றுக்கொடுத்தேன். வாப்பா எத்தனை ஆண்டு வளைகுடாவில் இருந்தார், தொழில் ஏன் இல்லை, போர் அந்த வீட்டில் எதனைப் பறித்தது என்று அதில் ஒரு வசனமும் நான் எழுதவில்லை. தேவ் ஆனந்திடம் நான் காணும் குறை என் எழுத்திலேயே இருந்தது.

பெற்றோரின் பொறுப்பை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு தலைமுறையின் துன்பத்தை வீட்டுச் சுவர்களுக்குள் பூட்டிவைக்கும் கலை, அச்சுவருக்கு வெளியே நிற்கும் குற்றவாளிகளைத் தப்பவிடுகிறது. போரைக் கண்ட கரையில் இருந்து எழுதும் நமக்கு இத்தவறு மன்னிக்கத்தக்கதன்று. அடுத்த நாடகத்தை எழுதுமுன், வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவனிடம் அவன் வீட்டுக் கதையைக் கேட்பதென முடிவு செய்திருக்கிறேன். அவனை ஹிப்பி என்று ஏசுவதையும் விட்டுவிட்டேன்.