ஆறில் ஒரு பங்கு

அரசன் எப்படித் தோன்றினான்? பண்டைய வடநூல்கள் இதற்கு ஒரே விடை தரவில்லை. ஐதரேய பிராமணத்தில் அவன் தோன்றுவதற்குக் காரணம் தோல்வி: அசுரரிடம் தோற்ற தேவர்கள், தமக்கு அரசன் இல்லாததே குறை என்று கண்டு சோமனை அரசனாக்குகிறார்கள். மனு ஸ்மிருதி இந்திரன் முதலான எட்டுத் தேவரின் கூறுகளைத் திரட்டி அவனைப் படைக்கிறது.

பௌத்தரின் அக்கஞ்ஞ சுத்தம் வயலில் தொடங்குகிறது. நெல்லுக்கு வரப்பு வந்தது. பின்னாலேயே திருட்டும் வந்தது. மக்கள் கூடி ஒருவரைத் தேர்ந்து, தண்டிக்கும் வேலையைக் கொடுத்து, நெல்லில் பங்கு தர இசைந்தார்கள். அவர்தான் மகாசம்மதர். பிரமன் வாயில் பிறந்தோம் என்ற பிராமணரின் பெருமைக்கு விடையாகப் புத்தர் சொல்லும் கதை இது. ஆனாலும் குலம் பார்ப்பவருள் சத்திரியனே உயர்ந்தவன் என்று அதுவும் முடிக்கிறது! ஏணியை எறியவில்லை, மேற்படியில் நிற்பவரை மட்டும் மாற்றியது.

கௌடில்யர் இன்னும் கெட்டிக்காரர். மீனை மீன் விழுங்கும் நிலைக்கு அஞ்சிய மக்கள், தானியத்தில் ஆறில் ஒன்றும் சரக்கில் பத்தில் ஒன்றும் தருவதாகச் சொல்லி மனுவை அரசனாக்கினார்கள் என்ற கதையை அவர் ஒற்றர் வாயில் வைக்கிறார். சந்தியில் அரசனை ஏசுவோரின் வாயை அடைக்கத்தான். பௌதாயன தரும சூத்திரத்திலோ அந்த ஆறில் ஒன்று, காவலுக்கு அரசன் பெறும் கூலி.

பிறப்புக் கதைகளை விடத் தண்டனைக் கணக்கே நம்பகமான அளவுகோல் என்பேன். பிராமணனை ஏசிய சத்திரியனுக்கு மனு ஸ்மிருதி விதிப்பது 100 பணம். சூத்திரனுக்கோ உடல் தண்டனை. திருட்டில் கணக்கு திரும்புகிறது: சூத்திரனுக்கு 8 மடங்கு, பிராமணனுக்கு 64 மடங்கு. எளியவனுக்கு ஒரு காசு அபராதமான குற்றத்தில் அரசனுக்கு ஆயிரம். அதை யார் வசூலித்தார்களோ! விசாரணையிலும் தண்டனையிலும் சமநிலை வேண்டும் என்று நான்காம் தூண் சாசனத்தில் அசோகர் எழுதியது இந்தப் படிவரிசைக்கு நேர் எதிர்.

கல்வெட்டுகள் நூல்களை அப்படியே பின்பற்றுவதில்லை. எல்லா வருணத்தாரும் வந்து காவலனாகத் தன்னைத் தேர்ந்தார்கள் என்று 150ஆம் ஆண்டு ஜூனாகட் சாசனத்தில் பெருமைப்படுபவன் வெளியிலிருந்து வந்த சகர் குலத்து அரசன் ருத்ரதாமன். சாதவாகனர் கௌதமிபுத்திர சதகர்ணி வருணக் கலப்பை நிறுத்தியவர் என்று நாசிக் குகையில் அவர் தாய் பலஸ்ரீயின் சாசனம் புகழ்கிறது. அதே குலத்து வாசிட்டிபுத்திர சதகர்ணியின் அரசி, மகாசத்திரபன் என்ற பட்டம் கொண்ட சக அரசன் ஒருவனின் மகள் என்கிறது கன்னேரிக் கல்வெட்டு.