ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளிகளின் ஊடகக் கல்வியும் தமிழ்ச் செய்தியும்

1987இல் ஒன்ராறியோ மாகாணம் ஊடகக் கல்வியை ஆங்கிலப் பாடத்தின் கட்டாயக் கூறாக்கியது. வட அமெரிக்காவில் அதற்கு முன்னோடி இல்லை. வெகுசன ஊடகத்தை நோயாகக் கருதி மாணவரைக் காக்க முனைந்த போக்கு, லீவிஸ், தாம்சன் இருவரும் 1933இல் எழுதிய நூலிலிருந்து வலுப்பெற்றது. மாகாணக் கல்வி அமைச்சு 1989இல் வெளியிட்ட ஆசிரியர் கையேடு அதிலிருந்து விலகியது. ஊடகம் காட்டுவது யாவும் கட்டமைக்கப்பட்டதே என்றும், பார்வையாளர் தத்தம் பின்புலத்தைக்கொண்டு பொருள் கொள்கின்றனர் என்றும் அது கூறிற்று.

இவற்றுள் பிந்திய கருத்து, பாடம் அமைந்த இடத்தாலேயே குறுகிப்போயிற்று. ஆங்கில வகுப்பில் ஆராயப்படுவது இயல்பாகவே ஆங்கிலச் செய்தி. வீட்டில் தமிழ் வானொலி கேட்டு வளரும் ஸ்காபரோ மாணவரின் பின்புலத்தில் பாதி வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

2009 மே 10 அன்று ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையைத் தமிழர் மறித்தனர். ஆங்கில ஊடகங்களில் போக்குவரத்துத் தடையும் குழந்தைகள் அங்கு அழைத்துவரப்பட்டமையும் பெரிதும் பேசப்பட்டன. தமிழ் ஊடகங்களுக்கோ வன்னிக் கடற்கரையில் வீழ்ந்த எறிகணைகளே செய்தி. சாலை மறியல் அதன் எதிரொலி. ஆங்கிலச் செய்தியை மட்டும் பகுக்கப் பழகிய மாணவர், பெற்றோர் கேட்ட செய்தியும் கட்டமைக்கப்பட்டதே என்பதை எங்குக் கற்பார்?

ஒரே சாவைத் தமிழ்ச் செய்தி 'உயிரிழந்தனர்', 'கொல்லப்பட்டனர்', 'பலியாயினர்', 'வீரச்சாவடைந்தனர்' என நான்கு விதமாகச் சொல்ல இயலும். முதலாவதில் கொன்றவர் இல்லை. இரண்டாவதில் அவர் பெயரின்றி நிற்கிறார். 'பலி' வேள்வியின் சாயலைக் கொணர்ந்து, கொன்றவர் யார் என்ற வினாவையே அடக்கிவிடுகிறது. நான்காவது துயரைப் பெருமிதமாக்குவதோடு, சொல்பவரின் சார்பையும் அறிவிக்கிறது. தமிழ் அறியாத ஆங்கில ஆசிரியர் இதனைக் கற்பித்தல் அரிது.

உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சிப் புள்ளி வழங்கும் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் கற்பிக்கலாம். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கும் பயிற்சியைச் செய்தித் தலைப்பொன்றில் செய்யப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. உறவினரை இழந்த குடும்பங்களில் இது புண்ணைக் கிளறும். சிலர் துரோகம் எனவும் கருதக்கூடும். ஆகவே விளம்பரத்திலிருந்து தொடங்குதல் நன்று. ஒரு மணிநேரத் தமிழ் ஒலிபரப்பில் வீட்டு விற்பனை முகவர்களும் நகைக்கடைகளும் எத்தனை முறை வருகின்றனர் என எண்ணும் மாணவர், அடுத்து வரும் செய்தியறிக்கையையும் வேறு காதுடன் கேட்பர்.