ரசிகனின் பாஷை

சினிமா ரசிகனைப் பற்றி நம் வட்டத்தில் எழுதப்படுவதெல்லாம் ஒரே தீர்ப்பில் வந்து முடிகிறது: அவன் சுயபுத்தி இல்லாதவன், நடிகனின் நிழல். இப்படிச் சொல்கிறவர்கள் அவன் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அஜித் ரசிகர்களை எடுத்துக்கொள்கிறேன். 'தல' என்ற பெயர் 2001-ல் வந்த 'தீனா' படத்திலிருந்து கிடைத்தது. 2011-ல் அவர் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021 டிசம்பரில், 'தல' என்றோ வேறு பட்டம் வைத்தோ அழைக்க வேண்டாம் என்று அறிக்கை விட்டார். 2024-ல் 'கடவுளே... அஜித்தே' என்ற கோஷம் பரவியபோது, அந்த டிசம்பரில் அதையும் நிறுத்தச் சொன்னார். மன்றம் போயிற்று, பாஷை போகவில்லை. 'தல' இன்றும் வாயில் இருக்கிறது. எஜமானன் சொல்லைக் கேட்காதவனை அடிமை என்று எப்படிச் சொல்வது?

2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் மைதானத்தில், எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் மொயீன் அலியிடம் 'வலிமை அப்டேட்' கேட்டார்கள். வலிமை என்பது படமா, மனிதனா என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால்தான் அவரிடம் கேட்டது. அது பதிலை எதிர்பார்த்த கேள்வி அல்ல. கேலரியில் எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்னொருவனுக்கு 'நானும் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்கும் குரல்.

என் வங்கிக் கிளையில் ஒருநாள் கம்ப்யூட்டர் நின்றுபோய் வரிசை நகரவில்லை. முன்னால் நின்ற பையன் அலுப்பில் 'கடவுளே' என்றான். பின்னாலிருந்து இரண்டு குரல்கள் 'அஜித்தே' என்றன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. ஒருவன் பாதியை விட, மற்றவர் எடுத்துக்கொள்வது பஜனையிலும் ஊர்வலத்திலும் சபரிமலைப் பாதையிலும் பழகிய உருவம்தான். இதில் பக்தி எவ்வளவு என்று அளக்கப் போவது வீண். முன்பின் தெரியாத மூன்று பேர் சேர்ந்து ஒரு வாக்கியத்தை முடித்தார்கள், அவ்வளவுதான். சபாவில் ஒரு சங்கதி விழுந்ததும் 'த்சு' கொட்டி, தொடையில் தாளம் நிற்காமலே பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்ப்பவர் செய்வதும் இதுவே.

இந்தப் பாஷைக்கு வசையும் தெரியும். விஜய் ரசிகனிடம் கேட்டால் சொல்வான். ஆள் சேர்க்கிற எந்தப் பாஷையும் ஆளை வெளியே தள்ளவும் செய்யும்.

இனி நம் விஷயம். மௌனி என்றதும் குரலைத் தாழ்த்துகிறோம். பிரபல எழுத்தாளர் பெயர் வந்தால் உதட்டோரம் ஒரு சிரிப்பு, கூடவே டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம். 'மேலோட்டம்', 'அனுபவமாகவில்லை', 'தளம்' என்ற சொற்களை யார் எப்போது உபயோகிக்கலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவன் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்கிறான். தலையை எவ்வளவு ஆட்டவேண்டும் என்பது உட்பட.

போன வருஷம் ஓர் இளம் கவிஞரின் தொகுப்பைப் பற்றி 'அனுபவம் மொழியாகவில்லை' என்று எழுதினேன். நண்பர்கள் சரியாகச் சொன்னீர்கள் என்றார்கள். அந்தக் கவிஞர் என்னைப் பார்த்தபோது கோபப்படவில்லை. 'எந்தக் கவிதையில் சார்?' என்று மட்டும் கேட்டார். என்னால் ஒன்றைக்கூடக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. நான் எழுதியது அவர் கவிதைகளைப் பற்றியே அல்ல. வரிசையின் பின்னாலிருந்து வந்த குரலைப் போல, உங்களுக்கு நான் கொடுத்த பதில்குரல் அது. வித்தியாசம் ஒன்றுதான்: அந்தப் பையன்களின் கோஷம் வங்கி வாசலோடு போயிற்று. நம்முடையது விமர்சனம் என்ற பெயரில் அச்சேறி ஒருவரின் முதல் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துவிடுகிறது.

அஜித் ஒரு அறிக்கையில் மன்றங்களைக் கலைத்தார். நம்மைக் கலைக்க அப்படி யாரும் இல்லை. அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். அடுத்த இதழில், கவிதையின் தலைப்பைச் சொல்லி, வரியைச் சொல்லி எழுதுகிறேன்.