சொல் நீங்கிய மெட்டு: பாமாலை, கேரல், தேசபக்திப் பாடல்களின் கருவியிசை வடிவங்கள்

பலரும் சேர்ந்து பாடுவதற்கென்றே உருவான பாடல்களில் கிறித்தவப் பாமாலை, கிறிஸ்துமஸ் காலத்துக் கேரல், தேசபக்திப் பாடல் ஆகிய மூன்றும் முக்கியமானவை. மூன்றிலும் மெட்டு எளிமையானது. இசைப்பயிற்சி இல்லாதவரும் இரண்டாம் முறை கேட்கும்போது உடன் பாடிவிட வேண்டும் என்பதே அந்த எளிமையின் நோக்கம். இத்தகைய பாடலின் சொற்களை நீக்கிவிட்டு, மெட்டை வயலின், ஆர்கன், பாண்டு வாத்தியம், முழு இசைக்குழு ஆகியவற்றுக்கு ஏற்ப எழுதித் தருவது கருவியிசைக் கோர்ப்பு எனப்படும்.

சொல் போன பிறகு மிஞ்சுவது என்ன என்பதே இவ்வகை இசையை மதிப்பிடுவதில் முதல் கேள்வி. பாடலை அறிந்தவர் அதன் கருவியிசை வடிவத்தைக் கேட்கும்போது உள்ளுக்குள் பாடிக்கொண்டே கேட்கிறார். கர்நாடக இசைக் கச்சேரியில் வயலின் தனியாகக் கீர்த்தனை வாசிக்கும்போது நடப்பதும் இதுதான். வில் எங்கே திரும்ப வேண்டும் என்பதற்குச் சாகித்தியமே வழிகாட்டுகிறது. கேட்பவர் மனத்தில் பல்லவியின் சொற்கள் ஓடுகின்றன. ஆகவே இசைக்கோர்ப்பாளரின் கையில் மெட்டோடு கேட்பவரின் நினைவும் சேர்ந்தே இருக்கிறது. அந்த நினைவை அவர் எப்படிக் கையாளுகிறார் என்பதை வைத்தே நல்ல கோர்ப்பையும் வெறும் அலங்காரத்தையும் பிரித்தறிய முடியும்.

ஹைடனின் நால்வர் இசை

ஆஸ்திரிய இசையமைப்பாளர் யோசப் ஹைடன் (1732–1809) 1790களில் இருமுறை லண்டன் சென்று தங்கினார். அங்கே மக்கள் தங்கள் அரசருக்கான வாழ்த்துப்பாடலைப் பாடியதைக் கேட்டார். அதுபோல் ஒன்று தம் நாட்டுக்கும் வேண்டும் என்று விரும்பினார். லோரன்ஸ் லியோபோல்ட் ஹாஷ்கா எழுதிய வரிகளுக்கு அவர் அமைத்த மெட்டு, பேரரசர் இரண்டாம் பிரான்ஸின் பிறந்தநாளான 1797 பிப்ரவரி 12 அன்று வியன்னாவில் பாடப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் எழுதிய நரம்பிசை நால்வர் படைப்பு ஒன்றின் (ஓப்பஸ் 76, எண் 3) இரண்டாம் பகுதியில் அந்த மெட்டைச் சொல்லில்லாமல் அவரே பயன்படுத்தினார். 'பேரரசர்' என்ற பெயர் அப்படைப்புக்கு வந்தது இதனால்தான்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நான்கு கருவிகள். முதலில் முதல் வயலின் மெட்டை வாசிக்க, மற்ற மூன்றும் துணை நிற்கின்றன. தொடர்ந்து வேரியேஷன் எனப்படும் நான்கு சுற்றுகள். பொதுவாக வேரியேஷன் என்றால் மெட்டையே வளைத்தும் நெளித்தும் காட்டுவார்கள். நம் சங்கதிகளும் அவ்வாறே வளர்கின்றன. ஹைடன் அப்படிச் செய்யவில்லை. நான்கு சுற்றிலும் மெட்டு அப்படியே இருக்கிறது. அதை ஏந்திச் செல்லும் கருவி மட்டும் மாறுகிறது. முதல் சுற்றில் இரண்டாம் வயலின் மெட்டை எடுத்துக்கொள்ள, முதல் வயலின் அதைச் சுற்றி வேகமான சுரங்களை ஓடவிடுகிறது. மற்ற இருவரும் மௌனம். அடுத்து மெட்டு செல்லோவுக்கு இறங்குகிறது. அதன்பின் வியோலா. கடைசியில் முதல் வயலினிடமே திரும்பி வருகிறது. இப்போது அடியில் ஒலிக்கும் இசைவுகள் இருண்டு கனத்திருக்கின்றன. பாதிக்குமேல் மெட்டு ஒரு ஸ்தாயி உயர்ந்துவிடுகிறது.

ஒரே வாசகத்தை நான்கு பேர் தத்தம் குரலில் சொல்வது போன்றது இது. முதன்முறை அரசவையின் குரலாகக் கேட்டது, செல்லோவில் ஒரு முதியவரின் பேச்சாகக் கேட்கிறது. வியோலா வாசிக்கும் சுற்றில் வழிபாட்டின் அடக்கம் வந்துவிடுகிறது. வாழ்த்து, பிரார்த்தனை, தனிமைத் துயரம் மூன்றும் ஒரே மெட்டில் ஏற்கனவே இருந்தன என்பதைச் சொற்கள் மறைத்திருந்தன. கருவிகள் அதை வெளியே கொண்டுவந்தன. இவ்வகை இசையில் இதற்கு மேல் சாதித்த கோர்ப்பு அரிது. 1809 மே மாதம் நெப்போலியனின் படை வியன்னாவில் இருந்தபோது, முதுமையால் தளர்ந்திருந்த ஹைடன் தம் வீட்டுப் பியானோவில் இந்த மெட்டை வாசித்துக்கொண்டிருந்தார். மே 31 அன்று காலமானார்.

மெட்டின் பிற்கால வாழ்க்கை வேறு திசையில் போயிற்று. 1841இல் ஹோப்மன் ஃபான் ஃபாலர்ஸ்லேபன் இதே மெட்டுக்கு ஜெர்மனியைப் பற்றிய வரிகளை எழுதினார். 1922இல் அது ஜெர்மனியின் நாட்டுப்பண்ணாயிற்று. நாஜி ஆட்சி முதல் பத்தியை மட்டும் தன் கட்சிப் பாடலோடு சேர்த்துப் பாடவைத்தது. இன்று மூன்றாம் பத்தியே நாட்டுப்பண். இதற்கிடையே ஆங்கிலேயத் திருச்சபைகளிலும் இம்மெட்டு 'ஆஸ்திரியா' என்ற பெயரில், ஜான் நியூட்டனின் பாமாலை ஒன்றுக்குப் பயன்பட்டு வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பகை நாட்டின் பாட்டு தேவாலயத்தில் ஒலிப்பதா என்ற மனக்குறை எழுந்தது. சிரில் டெய்லர் அந்த வரிகளுக்கென 'அபட்ஸ் லீ' என்ற புதிய மெட்டை அமைத்தார். பாமாலையின் வரிகளில் எந்தக் குற்றமும் இல்லை, மெட்டிலும் இல்லை. ஆயினும் வேறொரு மொழியின் சொற்கள் மெட்டில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தன. சொல்லை நீக்கினால் பாடல் தூய்மையாகிவிடும் என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது. ஹைடனின் நால்வர் இசை எந்தப் போரிலும் கைவிடப்பட வேண்டிய தேவையின்றி இன்றும் வாசிக்கப்படுகிறது என்பதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது.

சிரிப்பும் ஒரு மரியாதையே

லண்டனில் ஹைடன் கேட்ட அதே அரச வாழ்த்து மெட்டுக்கு 1831இல் சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் அமெரிக்க நாட்டுப்பற்று வரிகளை எழுதினார். அந்த வடிவத்தின்மேல் 1891இல், பதினேழு வயதில், சார்லஸ் ஐவ்ஸ் ஆர்கனுக்கு எழுதியதே 'அமெரிக்கா மீதான வேரியேஷன்கள்'. ஹைடன் தொடாமல் விட்ட மெட்டை ஐவ்ஸ் எல்லா வகையிலும் தொட்டுப் பார்க்கிறார். முதலில் பாமாலைப் புத்தகத்தில் உள்ளபடி அடக்கமாக ஒருமுறை வாசிக்கிறார். பிறகு அது ஓடுகிறது, ஆடுகிறது, போலந்து நாட்டு நடனமாக மாறுகிறது. பின்னாளில் சேர்த்த இடைப்பகுதிகளில் ஒரு கை ஒரு சுருதியிலும் மறு கை வேறு சுருதியிலும் அதே மெட்டை வாசிக்கும். கடைசிச் சுற்றில் கால்கட்டைகள் பாய்ந்தோடும்.

ஐவ்ஸின் தந்தை டான்பரி ஊரின் பாண்டு மாஸ்டர். திருவிழாவில் எதிரெதிரே வரும் இரு பாண்டுக் குழுக்களின் ஒலி மோதிக் கலப்பதைக் காதில் வாங்கி வளர்ந்த பையனுக்கு, நாட்டுப்பாடல் என்றால் தெருவில் ஒலிப்பது. இதைக் கேலி என்று தள்ளுவோர் உண்டு. கேலிதான், ஆனால் வீட்டுப் பெரியவரிடம் பேரன் செய்யும் கேலி. கேட்பவருக்கு மெட்டு மனப்பாடமாகத் தெரியும் என்று நம்பினால்தான் இப்படி விளையாட முடியும். 1960களில் வில்லியம் ஷூமன் இதை முழு இசைக்குழுவுக்கு மாற்றினார். அந்த வடிவமே இன்று அதிகம் கேட்கக் கிடைக்கிறது. தாளக்கருவிகளின் சேட்டையில் நகைச்சுவை சற்றுத் தூக்கலாகிவிடுகிறது என்பதால், ஆர்கன் வடிவத்தை முதலில் கேட்பது நல்லது.

கேரலும் மூச்சும்

கேரல்களின் நிலை வேறு. அவை ஆண்டுதோறும் கடைகளிலும் வானொலியிலும் ஒலித்து ஒலித்துத் தேய்ந்துவிட்டவை. 1950இல் லெராய் ஆண்டர்சன் எழுதிய 'கிறிஸ்துமஸ் ஃபெஸ்டிவல்' பல கேரல்களைக் கோத்த மாலை. கைத்திறன் மிக்கது; முடிவில் இரண்டு பாடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கச் செய்யும் இடம் ரசிக்கத்தக்கது. ஆயினும் எந்தப் பாடலும் நின்று பேசுவதில்லை. ரயில் சன்னலில் ஊர்கள் கடந்து போவதுபோல் போய்விடுகின்றன.

இதற்கு நேர் எதிரானது ஆல்பிரெட் ஷ்னிட்கே 1978இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய 'ஸ்டில்லே நாக்ட்'. 1818 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊர்த் தேவாலயத்தில் கிதார் துணையோடு முதலில் பாடப்பட்ட, யோசப் மோர் எழுதி பிரான்ஸ் குரூபர் மெட்டமைத்த அமைதிப் பாடலே இதன் மூலம். வயலின் இரட்டைத் தந்திகளில் மெட்டைக் கலப்பின்றித் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் ஒரு சுரம் பிசகுகிறது. பிறகு இன்னொன்று. பியானோவின் அடியாழத்தில் மணி போல ஓர் ஒலி. மெட்டு நிற்கவில்லை, வேகமும் கூடவில்லை. அமைதி மட்டும் கெட்டுவிட்டது. பாடலை அறியாதவருக்கு இது தவறான வாசிப்பாகவே தோன்றும். அறிந்தவருக்கு, தான் மனத்தில் பாடும் சொல்லுக்கும் காதில் விழும் சுரத்துக்கும் இடையே விரிசல் விழுகிறது. அந்த விரிசலே படைப்பு.

இன்று பெருகிவரும் சாதாரண கேரல், பாமாலை இசைத்தட்டுகளில் காணும் குறை, மூச்சு இல்லாமை. பாடுபவர் ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்செடுக்கிறார். மெட்டு அந்த இடைவெளியையும் கணக்கிட்டே அமைந்தது. கீபோர்டுக்கு மூச்சு வேண்டாம். ஆகவே கோர்ப்பாளர் வெற்றிடத்தைக் கண்டு பயந்து அங்கெல்லாம் மணியோசையோ வீணையோசையோ இட்டு நிரப்புகிறார். உள்ளுக்குள் பாடிவந்தவர் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

விஜய் சௌக்கில் ஒரு மாற்றம்

காற்றுக்கருவிகளில் இந்த ஆபத்து குறைவு, வாசிப்பவரே மூச்செடுத்தாக வேண்டுமல்லவா! டெல்லி விஜய் சௌக்கில் ஜனவரி 29 அன்று நடைபெறும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் பல பத்தாண்டுகளாக ராணுவ பாண்டுகள் வாசித்துவந்த 'அபைட் வித் மீ' இதற்குச் சான்று. ஹென்றி பிரான்சிஸ் லைட்டின் வரிகளுக்கு வில்லியம் ஹென்றி மங்க் 1861இல் அமைத்த மெட்டு அது. காந்தியடிகளுக்கு விருப்பமான பாமாலை. 2022இல் அது விலக்கப்பட்டு, 'ஏ மேரே வதன் கே லோகோ' சேர்க்கப்பட்டது. இந்திய மெட்டுகளே இந்நிகழ்ச்சிக்குப் பொருத்தம் என்பது சொல்லப்பட்ட காரணம்.

அப்போது எழுந்த விவாதம் முழுவதும் பாடலின் பிறப்பிடத்தைப் பற்றியதாக இருந்தது. இசையைப் பற்றிய கேள்வி எழவே இல்லை. மங்கின் மெட்டு நான்கு குரல்களுக்கான இசைவுகளாகவே பிறந்தது; நீண்ட, சமமான சுரங்கள்; வரி முடிவில் ஓய்வு. பித்தளைக் கருவிகள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். மைதானத்தில் நின்று கேட்டவர்களில் ஆங்கில வரிகளை அறியாதவர் பலர் இருந்திருப்பார்கள்; மாலை இருளும் மணியோசையும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன. கவி பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்து, 1963 ஜனவரி 27 அன்று டெல்லியில் லதா மங்கேஷ்கர் பாடிய பாடலோ ஒற்றைக் குரலுக்கானது. அதன் உருக்கம் சொல்லிலும் குரலின் குழைவிலும் இருக்கிறது. சொல்லை எடுத்துவிட்டால் அதன் இழப்பு பெரிது. மறுபுறம், வட இந்தியாவில் அந்தச் சொற்களை மனப்பாடமாக அறிந்தோர் ஏராளம். அவர்கள் உள்ளுக்குள் பாடும் குரல் மங்கின் மெட்டுக்கு அங்கே ஒருபோதும் கிடைத்திருக்காது.

ஆகவே ஒன்றை எடுத்து அந்த இடத்தில் மற்றொன்றை வைத்தால் வேலை முடிந்துவிடுவதில்லை. லதாவின் குரல் வழுக்கிச் சென்ற இடங்களில் கட்டையழுத்தி வாசிக்கும் டிரம்பெட் என்ன செய்யும், நீண்ட சரணங்களில் எதை விட்டு எதை வைப்பது, போரில் மாண்டவர்களை நினைக்கச் சொல்லும் வரிக்கு முன்னால் எத்தனை நொடி மௌனம் என்பவற்றை ஒரு கோர்ப்பாளர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும்.